வெங்காயக் கொட்டிலில் ஒரு திறப்பு விழா

சந்தனக் கும்பாவையும் பன்னீர்ச் செம்பையும் ஏந்திக்கொண்டு வாசலில் நிற்கும் வரவேற்பு வேலை இருக்கிறதே, சிரித்த முகத்தோடு சண்டை பிடிக்க வேண்டிய வேலை அது ஒன்றுதான். நின்று கால் கடுத்த சகோதரிகள் இதை மறுக்கமாட்டீர்கள்.

முதலில் ஆருக்கு அநியாயம் நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். பிலோமினா அக்காவுக்கு. அவர் கீறிய இருபத்திரண்டு படங்களை வைத்து, வட்டுக்கோட்டைக்கு அங்கால் எங்கள் ஊரில் ஒரு கலைக்கூடம் திறந்தோம். விழாவுக்கு அடித்த அழைப்பிதழில் ஒன்பது பேருடைய பெயர் இருந்தது. பிலோமினா அக்காவின் பெயர் இல்லை. இதைவிட வெட்கக்கேடு, அந்த ஒன்பதில் ஒரு பெயர் என்னுடையது. வரவேற்புரை, செல்வி இன்னார், பல்கலைக்கழக மாணவி. படம் கீறத் தெரியாத என் பெயர் தடித்த எழுத்தில்.

நிரலில் இல்லாத ஆள்

எங்கள் கலைக்கூடத்தின் தலைவர் ஓய்வுபெற்ற ஸ்ரேசன் மாஸ்ரர். யாழ்ப்பாணத்துக்கு ரயில் வராமல் விட்டு மூன்று வருடம். மின்சாரம் போனதும் அதே காலத்தில்தான். ஆனால் மாஸ்ரருக்கு மட்டும் இன்னும் எல்லாம் நேர அட்டவணைப்படி ஓடிக்கொண்டிருந்தது. அட்டவணையில் இல்லாத தேத்தண்ணியைக்கூட அவர் குடிக்கமாட்டார். அழைப்பிதழை எழுதியவர் அவர். அச்சடிக்கக் கடதாசி கிடைக்காத நாட்கள் என்பதால், கோடு போட்ட பள்ளிக்கூடக் கொப்பித்தாளில் எல்லாம் வந்து இறங்கியது. மங்கல விளக்கு, வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, வாழ்த்துரை இரண்டு, சிறப்புரை, பிரதம விருந்தினர் உரை, நன்றியுரை. ஒன்பதுக்கும் ஒன்பது பேர்.

தாளை மேலிருந்து கீழே இரண்டு தரம் வாசித்துவிட்டு நேரே அவர் வீட்டுப் படலையில் போய் நின்றேன். கலியாண அழைப்பிதழில் பொம்பிளை மாப்பிள்ளை பெயர் போடாமல் சமையல்காரர் பெயர் போடுவார்களா என்று கேட்டேன். மாஸ்ரர் கோபிக்கவில்லை. கோபிக்கமாட்டார், அதுதான் அவரோடு வாதாடுவதில் உள்ள கஷ்டம். அச்சடித்த நூற்றைம்பதிலும் பேனையால் எழுதிவிடுகிறேன் என்றேன். அச்செழுத்துக்கு மேலே கையெழுத்து வைப்பது விருந்தினரை அவமதிக்கிற காரியம் என்றார். அப்படியானால் ஏன் முதலிலேயே போடவில்லை என்று மூன்றாம் தரமும் கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, தண்டவாளம் போல நேரான ஒரு பதில் தந்தார்:

“நிரல் எண்டால் ஆர் என்ன செய்யினம் எண்டு போடுறது. பிலோமினா செய்ய இனி என்ன கிடக்கு? அவதான் எல்லாத்தையும் முதலே கீறி முடிச்சிட்டாவே, பிள்ளை.”

பின்பக்கம்

அழைப்பிதழ் கொடுக்கப் போகும் வேலையும் வரவேற்புக் குழுவின் தலையில்தான். குழு என்றால் நானும் என் சைக்கிளும். பிலோமினா அக்கா வீட்டுக்கு எப்படி இதைக் கொண்டுபோவது என்று இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். அவர்கள் குருநகர் ஆட்கள். தகப்பன் யோசேப்பு ஐயா வள்ளம் வைத்துத் தொழில் செய்தவர். கடலுக்குப் போகத் தடை, கரையில் இருந்தால் ஷெல். வேறு வழியில்லாமல் குடும்பத்தோடு எங்கள் ஊருக்கு வந்து, ஒரு வீட்டுக்காரரின் பின்வளவில் தென்னங்கிடுகால் மறைத்து இருந்தார்கள். கடலைக் கண்ணால் காணாத ஊரில் இருந்துகொண்டு அக்கா கீறியதெல்லாம் கடல்தான். பெயர் அச்சில் வரப்போகிறது என்று தகப்பனுக்குச் சொல்லியும் வைத்திருந்தார்.

யோசேப்பு ஐயா தாளை வாங்கி, விரலை வைத்து ஒவ்வொரு பெயராக வாசித்தார். ஒன்பதும் முடிந்தது. விரல் தாளின் கீழ் விளிம்பில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். வெறும் கோடுகள். பின்பக்கம் அடிக்க அச்சகக்காரர் மறந்துவிட்டார் போலிருக்கிறது, பாவம் அவர்களுக்கும் வேலை கூடத்தானே என்று எனக்கு ஆறுதல் சொன்னார். எனக்கு நிலத்தைத் தவிர வேறு எங்கேயும் பார்க்க முடியவில்லை.

படலை வரைக்கும் அக்கா என்னோடு வந்தார். நான் மாஸ்ரரைத் திட்டத் தொடங்கினேன். நல்ல மொழியில், ஆதாரங்களோடு. அக்கா இடைமறித்தார். குரல் உயர்த்தவில்லை. சைக்கிள் மணியில் ஒட்டியிருந்த சேற்றை நகத்தால் சுரண்டிக்கொண்டே சொன்னார்:

“உங்கடை ஊரிலை என்ரை பேர் ஒரே ஒரு இடத்திலைதான் எழுதிக் கிடக்கு, தங்கச்சி. நிவாரண அட்டையிலை. இன்னொரு இடத்திலையும் கிடக்கட்டும் எண்டு ஆசைப்பட்டன், அவ்வளவுதான்.”

நடுவில் இருந்த சாமான்

கலைக்கூடம் என்று பெரிதாகச் சொல்கிறேனே தவிர, அது வெங்காயக் கொட்டில். பிடிபிடியாகக் கட்டிய வெங்காயத்தைக் கூரை வளைகளில் தூக்கிக் காயவைக்க என்று போட்ட நீளமான கட்டடம். கொழும்புக்கு லொறி ஓடாத காரணத்தால் சும்மா கிடந்தது. மூன்று நாள் வேப்பிலைப் புகை போட்டோம், சாம்பிராணி போட்டோம். அதன் பிறகு அங்கே வேப்பிலை வாசமும் சாம்பிராணி வாசமும் வெங்காய வாசமும் ஒற்றுமையாக இருந்தன. படங்களைப் பார்த்துக் கண்கலங்காதவர் எவருமில்லை என்று பத்திரிகைக்கு எழுதலாம், பொய்யும் இல்லை என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

ஆணி வாங்க ஊர் முழுக்க அலைந்தும் ஏழுதான் கிடைத்தது. ஆகவே வெங்காயம் தூக்கிய அதே வளைகளில், அதே கயிறுகளில் படங்களைத் தூக்கினோம். படங்கள் கன்வஸ் இல்லை, கோதுமை மாச் சாக்கைத் தோய்த்து, கஞ்சி போட்டு, தடிகளில் இழுத்துக் கட்டியவை. திறப்பு விழாவுக்கு முதல்நாள், முந்தி அங்கே வெங்காயம் வைத்த கணபதிப்பிள்ளை அண்ணை தோட்டத்திலிருந்து மண்வெட்டியோடு அந்தப் பக்கமாக வந்தார். உள்ளே வந்து அண்ணாந்து, முன்னுக்கும் பின்னுக்கும் நடந்து, இருபத்திரண்டையும் எண்ணினார். நான் விமர்சனத்துக்காகக் காத்திருந்தேன். வந்தது:

“முந்தியும் சாக்குத்தான், கயிறுதான். நடுவிலை இருந்த சாமானை என்ன செய்தனீங்கள், பிள்ளை?”

நீலம்

கடையில் நிறம் வாங்க முடியாத காலத்தில் அக்கா நிறம் தேடிய விதத்தைத் தனியாகவே எழுதலாம். செங்கல்லை இடித்துச் சிவப்பு. மஞ்சள், குசினியில் இருந்த மஞ்சளேதான். செத்துப்போன ரேடியோ பற்றிகளை உடைத்து உள்ளே இருந்த கரியில் கறுப்பு. நீலத்துக்கு மட்டும் வேட்டிக்குப் போடுகிற சலவை நீலம். கிடைத்த இடத்தில் எல்லாம் ஒவ்வொரு பொட்டலமாகச் சேர்த்து, எட்டு முழத்தில் ஒரு பெரிய கடல் கீறியிருந்தார். குருநகர்க் கரையிலிருந்து விடியப்புறம் பார்த்தால் தெரியும் கடலாம். அதைத் தூக்கி முடித்தபோது முன்வீட்டுப் பரமேஸ் மாமி கை துடைத்துக்கொண்டு வந்து முன்னால் நின்றார். நெடுநேரம் நின்றார். பெருமூச்சும் விட்டார். ஊரில் கலை விளங்கிய முதல் ஆள் இவர்தான் என்று எனக்கு உடம்பு சிலிர்த்தது.

“இரண்டு மாசமா ஒரு கடையிலையும் நீலம் இல்லாமல் மனுசன்ரை வேட்டியெல்லாம் பழுப்பாப் போச்சு. எல்லாம் இஞ்சை வந்து அலையடிச்சுக்கொண்டு கிடக்கு.”

வாங்கு தூக்கியவர்

விழா பின்னேரம் மூன்று மணிக்கு. பிரதம விருந்தினர் ஒரு காலத்தில் பள்ளிக்கூடங்களுக்குச் சித்திரப் பரிசோதனைக்கு வந்தவர். மாஸ்ரரின் அட்டவணைப்படி அவர் இரண்டு ஐம்பதுக்குச் சந்தியில் வந்து இறங்குவார், நாதஸ்வரம் ஊதும், மாலை விழும், அழைத்துவருவார்கள். இரண்டு மணிக்கே மாஸ்ரர் மேளகாரரோடு சந்திக்குப் போய்விட்டார்.

கொட்டிலில் நான் தனியே நின்று தவித்துக்கொண்டிருந்தேன். சனம் இருப்பதற்கு வாசிகசாலையிலிருந்து வந்த நீள வாங்குகள் இன்னும் முற்றத்தில் கிடந்தன. அந்த நேரம் பின் ஒழுங்கையால் ஒருவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். சாரம் மடித்துக் கட்டியிருந்தார், தோளில் துவாய், கரியரில் ஒரு பை. ரியூப் போய்விட்டது, ரயருக்குள் வைக்கோல் அடைத்துத்தான் ஓட்டிவந்தேன் என்று தன்பாட்டில் சொன்னார். கதையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம், முதலில் ஒரு பக்கம் பிடியுங்கோ என்றேன். மறுபேச்சில்லை. பதினான்கு வாங்கும் இரண்டு பேருமாகத் தூக்கினோம். ஒன்றை வளைத்துப் போட்டதற்கு நான் அவரைத் திருத்தவும் செய்தேன். எல்லாம் முடிய அவர் பையைத் திறந்தார். உள்ளே மடிப்புக் கலையாத பட்டு வேட்டியும் சால்வையும்.

“தங்கச்சி, வாங்கு நேராய்த்தானே கிடக்கு? அப்ப, பிரதம விருந்தினர் உடுப்பு மாத்திறது எந்தப் பக்கம்?”

பங்கர் மரியாதை

மூன்று மணிக்கு ஆட்கள் நிறைந்துவிட்டார்கள். சந்தியிலிருந்து மாஸ்ரர் மாலையும் கையுமாகத் திரும்பி வந்து, தான் எதிர்கொள்ளப் போன ஆள் முன் வாங்கில் வேட்டியோடு இருக்கிறதைக் கண்டு, ஒரு ரயில் இரண்டு ஸ்ரேசனில் ஒரே நேரம் நின்றால் எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்த்தார். மாலையைப் போடக் கையைத் தூக்கிய நேரம் வானத்தில் பொம்மர் விமானம் இரைந்தது.

பக்கத்துப் பள்ளிக்கூட வளவில் பனங்குற்றி அடுக்கிய பங்கர் இருந்தது. சனம் பாய்ந்து இறங்கிவிட்டது. வாசலில் தடைப்பட்டது பெரியவர்கள்தான். பிரதம விருந்தினர் முதலில் என்றார் மாஸ்ரர். கோயில் குருக்கள் இருக்க நான் எப்படி என்றார் பிரதம விருந்தினர். பள்ளிக்கூட அதிபர் வரட்டும் என்றார் குருக்கள். அதிபர் தலைவரைக் காட்டினார். மேலே அது ஒரு சுற்றுச் சுற்றி முடித்துவிட்டது. நாலு பேரும் இன்னும் கை காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். உள்ளேயிருந்து யோசேப்பு ஐயாவின் கை ஒன்று நீண்டு வந்து, பிடிபட்ட சால்வையைப் பிடித்து இழுத்தது. வள்ளம் இழுத்த கை. பிரதம விருந்தினர் அவர் மடியிலேயே வந்து விழுந்தார். மற்ற மூன்று பேரும் வரிசை பார்க்காமல் பின்னால் விழுந்தார்கள். நான் பன்னீர்ச் செம்போடு மூலையில் இருந்தேன், அதையும் விடவில்லை.

இருட்டுக்குள், அது பலாலி விமானத்தளப் பக்கம் திரும்பிப் போகும் வரைக்கும், பிரதம விருந்தினர் தன்னை இழுத்தவரிடம் ஊர், பெயர் விசாரித்தார். படம் கீறினது என்ரை மகள் என்றார் யோசேப்பு ஐயா. மகளோ என்று கேட்டார் பிரதம விருந்தினர். பிறகு என் பக்கம் குனிந்து, மாஸ்ரருக்குக் கேட்காத குரலில் சொன்னார்:

“அழைப்பிதழைப் பாத்து, உங்கடை தலைவர்தான் கீறினவர் எண்டு நினைச்சு, அவரின்ரை தூரிகையைப் புகழ்ந்து நாலு பக்கம் எழுதிக்கொண்டெல்லோ வந்திட்டன்.”

ஏழு பேர்

வெளியே வந்து சேலை தட்டி, விளக்கேற்றி முடிய நாலு மணிக்கும் மேலே. அடுத்தது வரவேற்புரை. பிலோமினா அக்கா எங்கே என்று பார்த்தேன். ‘எங்கடை பிள்ளைதானே’ என்று சொல்லி, பின்பக்கம் அடுப்படியில் தேத்தண்ணிக்கு விட்டிருந்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த இடத்திலேயே ஒரு கண்டனக் கூட்டம் வைத்திருப்பேன். ஆனால் கண்டனம் தெரிவித்தால் கைதட்டுவார்கள், தேத்தண்ணி குடிப்பார்கள், போய்விடுவார்கள். மூன்று கிழமை வாதாடித் தோற்றவளுக்கு அந்த அளவு புத்தியாவது வந்திருந்தது.

எங்கள் மேடைகளின் முறை உங்களுக்குத் தெரியும். எவரும் நேரே விசயத்துக்கு வரமாட்டார்கள். தலைவர் அவர்களே, குருக்கள் அவர்களே என்று எல்லாரையும் கூப்பிட்டு முடித்த பிறகுதான் பேச்சு. முதல் பேசுகிறவர் என்ன வரிசையில் கூப்பிட்டாரோ, அதே வரிசையில்தான் பின்னால் வருகிற அத்தனை பேரும் கூப்பிட வேண்டும். ஒரு பெயரை விட்டால் வாழ்நாள் பகை. முதல் பேச்சாளர் நான். ஒலிவாங்கி இல்லாத மேடையில் தொண்டை கிழியத் தொடங்கினேன்: “இந்தப் படங்கள் இருபத்திரண்டையும் கீறிய ஓவியர் பிலோமினா யோசேப்பு அவர்களே...” அதற்குப் பிறகுதான் தலைவர், குருக்கள், மற்றவர்கள்.

மாஸ்ரர் நிரலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஆசியுரைக்கு எழும்பிய குருக்கள் பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்து பெயரை இன்னொரு தரம் கேட்டுக்கொண்டு, “ஓவியர் பிலோமினா யோசேப்பு அவர்களே” என்று தொடங்கினார். அடுத்தது தலைமையுரை. மாஸ்ரர் எழும்பினார். முறையை மீற அவரால் ஏலுமா? அவரும் அக்காவின் பெயரைத்தான் முதலில் சொன்னார், இரண்டாவதாகச் சொல்ல வேண்டிய தன் பெயரை விட்டுவிட்டு. வாழ்த்துரை சொன்ன இரண்டு பேர், சிறப்புரை சொன்ன அதிபர், எல்லாரும் அதே வரிசை. பிரதம விருந்தினர் நாலு பக்கத்தையும் சால்வைக்குள் செருகிவிட்டு, கடதாசி இல்லாமல் பேசினார். அவரோடு ஏழு பேர்.

இதில் நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. கடைசி வாங்கில் இருந்த யோசேப்பு ஐயா, மகளின் பெயரைச் சொன்ன ஒவ்வொரு தரமும் எழும்பி நின்று மேடையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார். மேடையிலிருந்து கூப்பிட்டால் ஆராவது மறுமொழி சொல்லத்தானே வேண்டும் என்று நினைத்திருக்க வேணும். நாலாம் தரம் முன் வாங்கில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆறாம் தரம் பரமேஸ் மாமியும் பதிலுக்குக் கும்பிட்டார்.

பிரதம விருந்தினர் பேசி முடித்த பிறகும் உட்காரவில்லை. ஏழு பேர் ஓவியரைக் கூப்பிட்டிருக்கிறோம், கூப்பிட்ட ஆள் பதில் பேசாமல் நன்றியுரைக்குப் போவது எந்த ஊர் முறை என்று மாஸ்ரரைக் கேட்டார். மாஸ்ரர் மணிக்கூட்டைப் பார்த்தார். வெயில் சரிந்து, கிடுகு இடைவெளிகளால் நிலத்தில் நீளமாக விழுந்திருந்தது. நிரலில் இல்லாதது நடக்க அவர் விடமாட்டார் என்று எனக்குத் தெரியும். ஆகவே நடக்கச் செய்வதற்கு அவருக்குத் தெரிந்த ஒரே வழியை அவர் செய்தார். பொக்கற்றிலிருந்து பேனையை எடுத்து, அச்சடித்த அழைப்பிதழில், நன்றியுரைக்கு மேலே கிடந்த வெறும் கோட்டில், ஒவ்வொரு எழுத்தாக எழுதினார்: பதிலுரை, ஓவியர் பிலோமினா யோசேப்பு. எழுதியதை வாசித்தும் காட்டினார். பிறகு எழும்பிப் போய் அடுப்படி வாசலில் நின்று, ‘பிள்ளை, உங்கடை முறை வந்திட்டுது’ என்று கூப்பிட்டார்.

அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு மேடைக்கு வந்தார். நெற்றியில் கரி. அவர்களே, அவர்களே என்று ஒருவரையும் கூப்பிடவில்லை. தகப்பனை ஒரு தரம் பார்த்தார், சனத்தை ஒரு தரம் பார்த்தார், சனத்துக்கு மேலால் தூரத்தைப் பார்த்தார். வந்தவர்கள் எல்லாரையும் சந்தனம் கொடுத்து நேரே வாங்கில் கொண்டுபோய் இருத்திய, வாங்குகளை மேடை பார்த்து நேராக அடுக்கிய வரவேற்புக்காரி என்ற முறையில், அந்தப் பதிலில் பாதி எனக்கும் உரியது என்று ஒத்துக்கொள்கிறேன்:

“நான்தான் பிலோமினா. ஏழு பேர் பேர் சொன்னியள், சந்தோசம். ஆனால் வந்ததிலையிருந்து ஒருதரும் படம் பாக்கேல்லை, எல்லாம் உங்கடை முதுகுக்குப் பின்னாலை கயித்திலை தூங்குது. வெளிச்சம் போகமுதல் வாங்குகளைத் திருப்பிப் போடுங்கோ.”